இழுவை இல்லாத கார்

வண்டியை எடுக்கும் முன் மணியன் கண்ணாடியை இறக்கி, தலையைச் சாய்த்து இன்ஜின் சத்தத்தைக் கேட்பார். பனியன் கம்பெனி முதலாளியின் பழைய காருக்கு அவர்தான் டிரைவர்.

“இழுவையே இல்ல கண்ணு. சரியாகலீன்னா முதலாளி வண்டியோட என்னையும் தள்ளி உட்டுருவாரு,” என்றார் மணியன், வீரபாண்டியில் பட்டறை வைத்திருந்த மெக்கானிக் ராபினிடம்.

ராபின் ஏர் ஃபில்டரில் அடைத்திருந்த பஞ்சை ஊதி எடுத்தான். அப்படியும் மணியன் ஓட்டினால் கார் ஊர்ந்தது. ராபின் ஓட்டினால் பறந்தது. மணியனை ஓட்டச் சொல்லி, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான்.

“நல்லா மிதிங்க அண்ணாச்சி.”

“அடி வரைக்கும் மிதிச்சுட்டனே கண்ணு!”

பெடல் பாதிகூட இறங்கவில்லை.

“வண்டியில ஒண்ணுமில்ல, அவரு பயந்து ஓட்டுதாரு,” என்று முதலாளியிடம் ராபின் சொன்னான். அந்த வாரமே வேறு டிரைவர் வந்தார்.

சர்க்கரை நோயால் மரத்துப்போன வலது காலுக்கு எவ்வளவு மிதிக்கிறது என்பதே தெரியவில்லை என்பது, ஆஸ்பத்திரியில் மணியனின் பாதத்தை வெட்டி எடுத்த பிறகுதான் ராபினுக்குத் தெரிந்தது.