கலியாணம் முடியும்வரை

அந்த ஆஸ்பத்திரியின் மனநோய் வாட்டில் காலையில் எங்களை வட்டமாக இருத்தி அபிப்பிராயம் கேட்பார்கள். தேநீருக்குப் பனங்கட்டியைக் கடிப்பதா, வெறும் தேநீரே போதுமா? முதலில் தேவாரமா, செபமா? கைகளை உயர்த்துவோம். நோயாளிகளும் சேர்ந்து தீர்மானிக்கும் இடம் இது என்று டொக்டர் பெருமையாகச் சொல்லுவார். நாக்கைத் தடிக்கவைத்த மருந்துக் குளிசையைப் பற்றி மட்டும் ஒருவரும் எங்களைக் கேட்டதில்லை.

எனக்கு நித்திரை திரும்பியிருந்தது. சுவரோடு கதைப்பதை விட்டிருந்தேன். தங்கைச்சிக்குக் கலியாணம். அவளுக்கு நான்தான் தலை பின்னிவிடவேண்டும், அதற்கு வீட்டுக்குப் போகவேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

அண்ணை உரும்பிராயிலிருந்து சைக்கிளில் வந்திருந்தார். வேர்வை காயவில்லை. டொக்டர் என் கட்டிலருகே நின்றுகொண்டு அவரைக் கேட்டார்.

"இப்ப நல்ல சுகம். கூட்டிக்கொண்டு போறியளோ?"

"கலியாணம் முடியட்டும் டொக்டர். மாப்பிள்ளை வீட்டுக்கு இவ கொழும்பிலை நிக்கிறா எண்டுதான் சொல்லியிருக்கிறம்."

"நான் அறைக்குள்ளையே இருக்கிறன் அண்ணை. ஆக்கள் நிக்கேக்கை வெளியிலை வரமாட்டன்" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "பாத்தியளே டொக்டர், ஒவ்வொண்டுக்கும் மறுகதை கதைக்கிறா."

டொக்டர் தலையாட்டினார். எனக்கில்லை, அண்ணைக்கு. இத்தனை வயதாகியும், அப்படி ஒரு தலையாட்டலை எங்கே கண்டாலும் இருக்க முடியாமல் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுகிறேன்.

பக்கத்துக் கட்டிலில் குருநகர் அக்கா ஒருத்தி. "எடியே, நீ கொழும்பிலையாம். வரேக்கை எனக்கொரு சவுக்காரக்கட்டி வாங்கிக்கொண்டு வா."

சிரித்தோம்.

பிறகொரு மத்தியானம் ஓலைப்பெட்டி நிறையப் பயித்தம்பணியாரம் வந்தது. அண்ணை அதை வாட்டுத் தாதி மிஸியிடம் கொடுத்துவிட்டு வாசலோடு திரும்பிவிட்டார். கலியாணம் முடிந்ததை எண்ணெய் மணம்தான் எனக்குச் சொன்னது. தங்கைச்சிக்கு யார் தலை பின்னினார்களோ.

மிஸி ஒன்றை எடுத்து என் கையில் வைத்தாள். "எனக்கு வேண்டாம்" என்றேன். கத்தவில்லை, எறியவில்லை. மெதுவாகப் பெட்டிக்குள் திருப்பி வைத்தேன். அந்த வாட்டில் நானாக எடுத்த ஒரே தீர்மானம்.

அடுத்தநாள் டொக்டர் வந்ததும் மிஸி சொன்னாள்: "சாப்பாடு வேண்டாமெண்டு அடம்பிடிக்கிறா."

"அது தங்கைச்சியின்ரை கலியாணப் பலகாரம், டொக்டர்" என்று தொடங்கினேன். அவர் என் கண்மடலை விரலால் இழுத்து உள்ளே பார்த்தார்.

"மருந்தைக் கொஞ்சம் கூட்டுவம்" என்றார், மிஸியிடம்.