லண்டனிலிருந்து வந்த சுருக்குப் பை

ரங்கூனில் அரிசி ஏற்றுமதி செய்த ஒரு கம்பெனியில் என் கணவர் தற்காலிகக் குமாஸ்தா. அவருக்கு மேலே ஹெட்கிளார்க். ஹெட்கிளார்க்குக்கு மேலே அவருடைய சம்சாரம். அதற்கும் மேலேதான் துரை. இந்த வரிசை எந்தக் காகிதத்திலும் இல்லை, ஆனால் ஆபீசில் எல்லோருக்கும் மனப்பாடம்.

வருஷத்துக்கு ஒருமுறை துரை பங்களாவில் தேநீர் விருந்து நடக்கும். குமாஸ்தாக்கள் குடும்பத்தோடு போய்ப் புல்தரையில் நிற்க வேண்டும். அந்த வருஷம் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் மணிக்கட்டில் பூவேலை செய்த சிறு பையைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்தார்கள். ஒரு கைக்குட்டைக்கு மேல் அதில் கொள்ளாது. வெற்றிலை விற்கிறவளின் சுருக்குப் பை அதைவிடப் பெரியது. ஆனாலும் ஹெட்கிளார்க் சம்சாரத்துக்கு அது இல்லாமல் சோறு இறங்கவில்லை.

"மிஷன் பள்ளிக்கூடத்துல பூவேலை படிச்சியாமே? எனக்கு ஒண்ணு தைச்சுக் குடு. உன் வீட்டுக்காரர் வேலை நிரந்தரமாகிற விஷயத்தை எங்க வீட்டுக்காரர் காதுல போட்டு வைக்கிறேன்" என்றாள்.

"தைக்கிறேன் அக்கா. யாராவது கேட்டா நான் தைச்சதுன்னு மட்டும் சொல்லிடுங்க."

"சொல்லாம என்ன?" என்றாள்.

பள்ளியில் என் பூவேலையைக் கண்காட்சியில் வைத்தபோதுகூடப் பள்ளியின் பெயரைத்தான் எழுதினார்கள். இது இவள் கைவேலை என்று ஒருமுறையாவது நாலு பேர் முன்னால் யாராவது சொல்லிக் கேட்க வேண்டும் என்று எனக்கு ஆசை. வெட்கமில்லாமல் சொல்கிறேன், கணவரின் வேலையைவிட அதுதான் எனக்குப் பெரிதாக இருந்தது.

பஜாரில் ஒரு பர்மாக்காரியிடம் கருநீல மாந்தலேப் பட்டில் ஒரு துண்டு வாங்கினேன். அதில் பவழமல்லிக் கொத்து. காம்புக்குச் செம்மஞ்சள் நூல், இதழுக்கு வெள்ளை நூல், வாயோரத்தில் ஜரிகை. ஒரு பூ கோணினால் முழுக் கொத்தையும் பிரித்துவிட்டு மறுபடி தைத்தேன். கண் எரிந்தது, ஆனால் சந்தோஷமாக இருந்தேன்.

பட்டுக்கு உள்ளே பட்டு வைத்தால் வழுக்கும். துவைத்துத் துவைத்து நைந்த மல் துணிதான் தோது. என் கணவரின் பழைய வேட்டியில் கிழியாமல் மிஞ்சியது ஒரு மூலைதான். அந்த மூலையில் டோபி போட்ட குறி இருந்தது. துணிகள் வீடு மாறிப் போகாமலிருக்க, டோபி வீட்டுக்கு ஒரு குறியைச் சேங்கொட்டை மையால் போட்டு வைப்பார். எங்கள் வீட்டுக்கு ஒரு கோடும் மூன்று புள்ளியும். துணி கிழிந்தாலும் குறி போகாது. அது பையின் அடியில் போகும்படி வெட்டித் தைத்தேன். பைக்குள் யார் தலையை விட்டுப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

துரைசானி பார்த்தாள். விருந்தில் ஹெட்கிளார்க் சம்சாரத்தின் கையிலிருந்து பையை வாங்கி, பூவைத் தடவி, வாயைப் பிரித்து உள்ளேயும் பார்த்துவிட்டு, எங்கே வாங்கியது என்று கேட்டாள். நான் இரண்டடி தள்ளி நின்று, முந்தானையைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தேன்.

"லண்டன்லேர்ந்து கப்பல்ல வந்தது" என்றாள் அவள், கண் கொட்டாமல்.

துரைசானி டோபி குறியைத் தொட்டுக் காட்டி இது என்ன என்றாள்.

"அந்தக் கடையோட முத்திரை."

நான் வாயைத் திறந்தேன். என் கணவர் என் முழங்கையை அழுத்தினார். வாயை மூடிக்கொண்டேன்.

இதே மை துரைசானியின் தலையணை உறை ஒவ்வொன்றிலும் இருக்கும். ஆனால் தன் வீட்டுத் துணியை அவள் என்றைக்கு மடித்தாள்? அந்தக் கடையைத் தனக்கு நன்றாகத் தெரியும் என்றும், அங்கே சாமான் எப்போதும் உசத்திதான் என்றும் சொன்னாள். ஹெட்கிளார்க் சம்சாரம் உடனே பையை அவளுக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டாள். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இங்கே கையும் ஊரார் கைதான்.

கொஞ்ச நாள் கழித்து எங்கள் டோபி வெளுத்த மூட்டையோடு வந்தார். மேலே அந்தப் பை இருந்தது.

"துரை பங்களா மூட்டையில உங்க சாமான் கலந்து கெடந்துச்சும்மா. கவர்னர் மாளிகை விருந்துல ஏதோ குழம்பு கொட்டின கறையாம், எடுத்துட்டேன்" என்று பையை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிக் காட்டினார். "குறி நம்ம வூட்டுக் குறியாச்சே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை பெரிய மனிதர் கையில் போய்வந்த பையை, இன்னாருடையது என்று சரியாகச் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

வைத்துக்கொண்டால் பழி அவர் தலையில் விழும். அதனால் மறுநாள் கணவரிடம் சொல்லாமல் நானே பங்களாவுக்குப் போனேன். துரைசானி பையை வாங்கி ஆசையாக மடியில் வைத்துக்கொண்டு, உன்னிடம் எப்படி வந்தது என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த பள்ளிக்கூட இங்கிலீஷில் எல்லாவற்றையும் சொன்னேன். இது எங்கள் டோபி போட்ட குறி, தைத்தது நான், உள்ளே இருப்பது என் கணவரின் வேட்டி.

அவள் பையை மடியிலிருந்து இரண்டு விரலால் தூக்கினாள். நன்றாகத் தைத்திருக்கிறாய் என்றாள். நான் ஏங்கிய வார்த்தை. சொன்ன கையோடு, நீயே வைத்துக்கொள், யாரிடமும் மூச்சு விடாதே என்று பையை என்னிடம் நீட்டினாள். கவர்னர் மாளிகை விருந்தில் ஒரு குமாஸ்தாவின் வேட்டியை மேசைமேல் வைத்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறாளே.

அந்த மாதமே என் கணவருக்கு வேலை நிரந்தரமாயிற்று. தன் கையெழுத்தின் அழகுக்குக் கிடைத்தது என்று அவர் கடைசிவரை நம்பினார்.

மறுவருஷ விருந்துக்கு அந்தப் பையை நானே மாட்டிக்கொண்டு போனேன். புதிதாக வந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் அதை ஆசையோடு தொட்டுப் பார்த்து, எந்தக் கடை என்று கேட்டாள்.

நான் தைத்தது என்றேன்.

அப்படியா என்று சொல்லிவிட்டு அவள் கேக் எடுக்கப் போய்விட்டாள்.