வண்டிக்காரம்மாவும் பிடிக்காத பிரேக்கும்

அந்தத் தெருவில் அவளுக்கு வண்டிக்காரம்மா என்றுதான் பெயர். பள்ளி வண்டி ஓட்டுகிறவள். பொம்பளை ஓட்டுகிற வண்டியில் பிள்ளையை ஏற்றுவதா என்று முகம் சுளித்தவர்களெல்லாம், பிறகு அவள் ஒருநாள் லீவு போட்டால் பிள்ளையை வீட்டோடு வைத்துக்கொண்டார்கள். ஊர் வாய் அப்படித்தான்.

போன மழையில், அந்தப் பெரிய இறக்கத்தில், வண்டி ஒருமுறை வழுக்கி நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பிள்ளைகள், "இன்னொரு தடவை!" என்று கத்தினார்கள். ஆனால் அன்றிலிருந்து அவள் கனவில் அதே இறக்கம், வண்டி நிறையப் பிள்ளைகள், எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காத பிரேக். மிதி வாங்கியது பக்கத்தில் படுத்திருந்த அவள் புருஷன், தையல்காரர்.

"இந்தப் பக்கம் படுத்தா பிரேக்கு, அந்தப் பக்கம் படுத்தா கிளட்ச்சு. நான் எங்கதான் படுக்கறது?" என்று காலைத் தடவிக்கொண்டே சிரிப்பார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பகலிலும் அந்த இறக்கம் வந்தால் கை நடுங்க ஆரம்பித்திருந்தது. நடுங்குகிற கையை நம்பிப் பிள்ளைகளை ஏற்றக்கூடாது, இந்த வாரத்தோடு வண்டிச் சாவியைப் பள்ளியில் கொடுத்துவிடுகிறேன் என்றாள்.

ரேடியோவில் ஒரு டாக்டர் பேசியதைக் கேட்டு, தையல்காரர்தான் ஒரு வழி சொன்னார். விழித்திருக்கும்போதே 'இது கனவா?' என்று அடிக்கடி சோதித்துப் பழகினால், அந்தப் பழக்கம் கனவுக்குள்ளும் கூடவே வருமாம். அந்தச் சோதனைக்கு அவள் ஹாரனைப் பிடித்துக்கொண்டாள்: சத்தம் வந்தால் நிஜம், வராவிட்டால் கனவு. உட்கார்ந்ததும் ஒரு ஹாரன், இறக்கத்துக்கு முன் ஒரு ஹாரன். தெருவே காதைப் பொத்திக்கொண்டது.

ஒருநாள் கனவில் ஹாரனை அழுத்தினாள்; சத்தமே இல்லை. 'அட, கனவு!' என்று துள்ளியதில் விழிப்பு வந்துவிட்டது. அடுத்த தடவை துள்ளவில்லை. "நில்லு!" என்று வண்டியை அதட்டினாள். அது இன்னும் வேகமாக ஓடியது.

"அதட்டினா நீ நிப்பியா? உன் கனவுல ஓடற வண்டி உன்னை மாதிரிதானே இருக்கும்," என்றார் தையல்காரர்.

சாவி கொடுக்கவேண்டிய நாளும் வந்தது. காலை டிரிப்பை முடித்து, சாயங்கால டிரிப்புக்கு முன் வழக்கம்போல முன்னறையில் பாய் விரித்துப் படுத்தாள். தையல் மிஷின் சத்தத்திலேயே கண் சொருகியது. அதே இறக்கம். ஹாரன் ஊமை. கனவுதான் என்று தெரிந்துவிட்டது. இந்தத் தடவை அதட்டவில்லை; பள்ளிக்கு முதல் நாள் அழுதுகொண்டே ஏறும் பிள்ளையிடம் பேசுகிற குரலில், "பயப்படாதே கண்ணு, மெதுவாப் போ, நான் இருக்கேன்ல," என்று ஸ்டியரிங்கைத் தட்டிக்கொடுத்தாள். வண்டி தணிந்தது. பிரேக்கை மிதித்தாள். முதன்முறையாகக் காலுக்கடியில் ஏதோ தாங்கியது. வண்டி நின்றது. பிள்ளைகள் ஒவ்வொருவராக இறங்குவதை நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் கண் விழித்தாள்.

மிஷின் ஓடவில்லை. தையல்காரர் பாயின் கால்மாட்டில் உட்கார்ந்து, அவள் பாதத்தை இரண்டு உள்ளங்கையாலும் தாங்கிப் பிடித்திருந்தார். கழுத்தில் அளவு நாடா, நெற்றியில் வியர்வை.

"பிரேக் பிடிச்சுதா?" என்றார்.

"பிடிச்சுது. நீங்க என்ன பண்றீங்க இங்க?"

"இத்தனை நாளா உதைக்குப் பயந்து என் காலை இழுத்துக்கிட்டே இருந்தேன். நீ வெறும் காத்தை மிதிச்சா பிரேக் எப்படிப் பிடிக்கும்?"

அவளுக்கு அழுகை பொங்கியது. அதை மறைக்கவும் இல்லை.

"காலை விடுங்க. பசங்க காத்துக்கிட்டு நிப்பாங்க," என்று எழுந்து சாவியை எடுத்தாள். திருப்பிக் கொடுக்க அல்ல, ஓட்ட. தையல்காரர் மிஷினுக்குத் திரும்பி, பெடலில் கால் வைத்தார்.