மாமரத்துக்கு ஊற்றிய தண்ணீர்

முத்துப்பேச்சியக்காவை நினைத்தாலே எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. அவர் மேல் இல்லை, என் மேல். பதினெட்டு வருடமாக அறிவியல் டீச்சர் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேனே, அந்தக் கோபம்.

வடமதுரையைத் தாண்டி உள்ளே போனால் எங்கள் பெண்கள் பள்ளி. அங்கே கூட்டிப் பெருக்குகிறவர் அக்கா. அவர் மகள் கௌசல்யாவும் அங்கேதான் படித்தாள். மைதானத்தில் அப்போது ஒதுங்கக்கூட நிழல் கிடையாது. பிரேயரில் இரண்டு தடவை மயங்கி விழுந்தாள், கூடப் படித்த பிள்ளைகள் கேலி செய்தார்கள், எட்டாவதோடு நின்றுவிட்டாள். பதினெட்டு முடிந்ததும் நூல் மில்லுக்குப் போனாள். அவள் நின்ற வருடம்தான் அக்கா மைதான ஓரத்தில் ஒரு மாங்கன்று வைத்தார்.

“எம் பிள்ள படிப்புதேன் போயிருச்சு. இனி ஒரு பொம்பளப்பிள்ள வெயிலுக்குப் பயந்து நிக்கக் கூடாது டீச்சர்” என்றார்.

குடிக்கவே தண்ணீர் இல்லாத ஊரில் மரத்துக்கு எங்கே போவது? அக்கா ஒரு சட்டம் போட்டார். மதியச் சாப்பாடு முடிந்தால் யாரும் குழாயடியில் தட்டுக் கழுவக் கூடாது. மரத்தடிப் பாத்தியில்தான் கழுவ வேண்டும், ஆளுக்கு ஒரு செம்பு. “ஏய், சோத்தக் கொட்டாத, எறும்பு வரும்!” என்று அவர் போடும் சத்தம் தலைமையாசிரியை அறை வரை கேட்கும். பன்னிரண்டு வருடத்தில் மரம் மாடியைத் தொட்டது.

அந்த வரிசையில் நிற்கும்போது பிள்ளைகள் பேசுகிற பேச்சை நான் எந்த வகுப்பிலும் கேட்டதில்லை. ஜீவிதா ஆறாவது படித்தபோது அவள் அம்மா இறந்துபோனார். வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். தட்டைக் கழுவிக்கொண்டே அக்காவிடம் மட்டும் பேசுவாள், சில நாள் அழுவாள். அழுது முடித்தால் முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்கு வந்துவிடுவாள். எனக்கு அது போதும் என்று இருந்தது.

போன வருடம் ஜூனில் பள்ளிக்கு ஆர்.ஓ. மெஷின் வந்தது. எங்கள் போர்வெல் தண்ணீர் உப்பு. மெஷின் ஒரு குடம் நல்ல தண்ணீர் கொடுத்தால், இரண்டு குடம் கழிவுத் தண்ணீரைப் பின்பக்கம் தள்ளும். அது சாக்கடைக்குப் போவதைப் பார்த்து அக்காவுக்கு மனசு ஆறவில்லை. “இம்புட்டுத் தண்ணியும் வீணா?” என்று ஒரு குழாயைக் கோத்து மரத்துக்குத் திருப்பிவிட்டார். தட்டுக் கழுவும் வரிசையும் அதோடு நின்றது. ஜீவிதா மட்டும் மரத்தடியில் அக்காவோடு உட்கார்ந்து சாப்பிடுவாள். குடியரசு தினத்தன்று நான்தான் அவரை மேடையேற்றி, சொட்டுத் தண்ணீரை வீணாக்காதவர் என்று மைக்கில் புகழ்ந்தேன். எல்லோரும் கைதட்டினோம்.

மாசியில் இலை நுனிகள் கருகின. “வெயிலு டீச்சர், பாவம்” என்று அக்கா அந்தத் தண்ணீரையே இன்னும் இரண்டு வாளி சேர்த்து ஊற்றினார். லீவு முடிந்து ஜூனில் வந்து பார்த்தால் மரம் மொட்டையாக நின்றது. பாத்தி மண்ணை எடுத்துப் பார்த்தேன். மேலே வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. ஐயோ! மெஷின் வடிகட்டிய உப்பெல்லாம் அந்தக் கழிவுத் தண்ணீரில்தானே போகும், இது எனக்குத் தெரியாதா? தெரியும். யோசிக்கவில்லை. அக்கா வந்து “எதுனால டீச்சர் பட்டுப்போச்சு?” என்றபோது, “ஏதோ நோய்க்கா” என்றேன்.

பட்ட கிளை பிள்ளைகள் மேல் விழும் என்று ஜூலையில் மரத்தை வெட்டினார்கள். வெட்டி முடிக்கும் வரை அக்கா துடைப்பத்தோடு நின்று பார்த்தார். ஜீவிதா அதற்குப்பின் படிக்கட்டு மூலையில் தனியாகச் சாப்பிட்டாள், பிறகு சாப்பாட்டையே விட்டாள், பிறகு பள்ளிக்கே வரவில்லை. அவள் அப்பா போனை எடுக்கவில்லை. ஐந்தாம் நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா அவள் வீட்டுக்கே போய்க் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார். இன்னொரு கையில் ஒட்டு மாங்கன்று.

“இது ஒன்னோட மரம் தாயி. நீ வந்தாத்தேன் பொழைக்கும்” என்று அவளையே நடவைத்தார்.

“நெசமா பொழைக்குமா பேச்சிம்மா?” என்றாள் ஜீவிதா.

“பொழைக்காம? அம்புட்டுத் தண்ணி இருக்கே!”

சொல்லிவிட்டு மெஷின் அறைப் பக்கம் போய், அந்தக் குழாயை இழுத்து வந்தார். இப்போதும் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனுஷியே இல்லை. ஓடிப்போய்க் குழாயைப் பிடித்தேன். அழுதுகொண்டே சொன்னேன், உப்பை, மண்ணை, நான் சொன்ன பொய்யை, எல்லாவற்றையும்.

அக்கா அதிரவில்லை. வெட்டிய அடிமரத்தைத் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப நாந்தேன் ஊத்தி ஊத்திக் கொன்னேனா?”

“நீங்க இல்லக்கா. நான்...”

“மேடையில வச்சுக் கைதட்டுனீங்களே டீச்சர்” என்றார்.

சத்தமே போடாமல்தான் சொன்னார். பிறகு குழாயைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு போனார். கன்றுக்குப் பக்கத்தில் ஜீவிதா சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த காலித் தட்டோடு நின்று எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் இன்னும் சாப்பிட்டிருக்கவில்லை.