வராத லாரிகள்

நாமக்கல் சாலையில் இன்று எனாமல் பெயிண்ட் வாடை மூக்கில் ஏறியதும், லாரிக்கு பாடி கட்டும் பட்டறையின் மாடியும், கீழே விழும் சுத்தியல் அடிகளுக்கு மேல் கத்திக் கத்தி நாங்கள் இங்கிலீஷ் படித்த டியூஷனும் நினைவில் எழுந்தன; அங்கே இப்போது கல்யாண மண்டபம், போகப் பிடிப்பதில்லை.

ஒரு பொருள் யாருடையது, அது என்ன செய்யவில்லை என்று ஒரே வாக்கியத்தில் எழுதச் சொன்னார் டியூஷன் அக்கா. எல்லா நோட்டிலும், ‘அப்பாவின் லாரி இன்னும் வரவில்லை’ என்றே இங்கிலீஷில் இருந்தது.

“பாத்து எழுதினீங்களா?”

“இல்லீங்க்கா, நெசமாவே வரலீங்க.”

சிவப்புப் பேனாவை மூடிவிட்டு ஜன்னல் வழியே சாலையையே பார்த்தார்.

“எங்க ஊட்டுக்காரரு லாரியும் வரல, சாமி.”