சரக்கு இல்லாத வண்டி

வாய்க்கு பிரேக் இல்லாத மனிதர் என்பதால் லாரிக்காரர்கள் அவருக்கு வைத்த பெயரே ‘பிரேக்’. கோபம் வந்துவிட்டால் முதலாளி, போலீஸ், மாமியார் என்று பார்க்க மாட்டார். அன்று மட்டும் வாயை அடக்கிக்கொள்வது என்ற முடிவோடுதான் பாலத்துக்கு வந்தார். மகள் நர்ஸ் வேலைக்கு வெளிநாடு கிளம்புகிறாள். இரவு விமானம். இனி மூன்று வருடத்துக்கு வர முடியாது. வீடு பாலத்துக்கு அந்தப் பக்கம். மதியம் சேர்ந்து சாப்பிடலாம் என்று சொல்லியிருந்தார்.

விடுமுறை நாளில் பொழுது சாயும்வரை பாலத்தில் லாரி ஏறக் கூடாது. ஊர் சுற்றக் கிளம்பும் கார்களுக்கு இடைஞ்சலாம். அவர்கள் கொறிக்கிற பிஸ்கட்டும் குடிக்கிற தண்ணீரும் காரிலா கடைக்கு வந்தன? எவனும் கேட்பதில்லை. பலகையில் ‘சரக்கு வாகனங்களுக்குத் தடை’ என்றுதானே இருக்கிறது? அதை நம்பித்தான், கிடங்கில் ஆள் இல்லாமல், எல்லா மூட்டையையும் தன் முதுகிலேயே சுமந்து இறக்கிவிட்டு வந்திருந்தார். காலி வண்டியை எப்படித் தடுப்பார்கள்?

தடுத்தார்கள்.

“சரக்கே இல்ல சார். வேணும்னா ஏறிப் பாருங்க.”

“லாரின்னாலே சரக்கு வண்டிதான். ஓரம் கட்டு,” என்றார் காவலர்.

“அப்போ சரக்கு அடிக்காதவனையும் குடிகாரன்னு உள்ள தள்ளுவீங்களா?”

பின்னால் நின்ற டிரைவர்கள் சிரித்தார்கள். காவலர் சிரிக்கவில்லை.

யாருடைய காரிலாவது தொற்றிக்கொண்டு போகலாம் என்றால், ஆளில்லாத லாரியை இழுத்துப் போய்விடுவார்கள். லாரி முதலாளியுடையது. ஒரு கார் ஜன்னலில் நாய்க்குட்டி தலையை நீட்டிக் காற்று வாங்கியபடி பாலம் ஏறியது.

மனைவி போன் செய்தாள். “எங்கங்க இருக்கீங்க? புள்ள இன்னும் சாப்பிடாம உக்காந்திருக்கா.”

“பாலத்துல புடிச்சு வச்சிருக்கானுங்க. அவள சாப்பிடச் சொல்லு. ரெண்டு பேரும் ஏர்போர்ட் போறப்போ பாலத்துலேர்ந்து இறங்குனதும் இங்க காரை நிறுத்தச் சொல்லு. ஒரு நிமிஷம் பார்த்துக்கறேன்.”

கார் வந்தது. சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் போய் நின்றார். கார் வேகம் குறைந்தது. உடனே விசில்.

“இங்க நிறுத்தாத! எடு, எடு!”

மகள் பாதி திறந்த கதவு மூடிக்கொண்டது. பின்னால் வந்த கார்க்காரர்களெல்லாம் ஹாரனில் கையை வைத்தார்கள். வாடகைக் கார் டிரைவர் பயந்துபோய் எடுத்துவிட்டார். “அப்பா, சாப்...” என்றது வரைதான் காதில் விழுந்தது. பிரேக் பின்னாலேயே ஓடினார். காரின் பின்புறத்தில் விரல் பட்டது. அவ்வளவுதான்.

லாரியோடு பின்தொடரவும் வழியில்லை. விமான நிலையம் போகும் விரைவுச் சாலையிலும் அன்று முழுக்க லாரிக்குத் தடை. காவலரை வாயில் வந்தபடி ஏசினார். அந்த மனிதரோ அடுத்த காருக்கு வழிகாட்டிக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்ந்ததும் தடுப்பை நகர்த்தினார்கள். பிரேக்கின் லாரிதான் முதலில் நின்றது.

“அவசரம் அவசரம்னு குதிச்சியே, போ,” என்றார் காவலர்.

பிரேக் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கினார்.

“வீடு பூட்டிக் கிடக்கு சார். யாரைப் பார்க்கப் போகச் சொல்றீங்க?”

அவருக்குப் பின்னால் வழி கிடைக்காமல் வரிசையாக நின்ற லாரிகளில் ஒன்றுகூட ஹாரன் அடிக்கவில்லை.