யாருடைய முழங்கால்?

எங்கள் நகராட்சி அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசைக்காரரை எல்லோரும் முழங்கால் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வெள்ளம் வடிந்த மறுநாளே சேத விவரப் படிவங்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடுவீடாகக் கிளம்பிவிடுவார். இடிந்த சுவர், ஊறிய மெத்தை, செத்த கோழி எல்லாவற்றையும் எழுதிவிட்டுக் கடைசியில் ஒரு கேள்வி கேட்பார். "தண்ணி எதுவரைக்கும் நின்னுச்சு? கணுக்காலா, முழங்காலா, இடுப்பா?" பதினோரு வருஷமாக இதே கேள்விதான். அந்தப் படிவங்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. ஏற்றி என்ன? ஒருவரும் அதைச் சீந்தியதில்லை.

இந்த வருஷம் புதிதாக வந்த பொறியாளர் அதைக் கேட்டு வாங்கினார். எந்தத் தெருவில் அதிகம் தண்ணீர் நின்றிருக்கிறதோ அங்கேதான் பெரிய வடிகால், அதுவும் ஒரே ஒரு தெருவுக்குத்தான் என்றார். பட்டியலில் முதலில் வந்தது தையல்காரர் தெரு, 'முழங்காலுக்கு மேல்'. அடுத்தது கிடங்குத் தெரு, 'முழங்கால்'. தையல்காரர் தெருவில்தான் அக்காவின் தங்கை இருக்கிறாள். ஒவ்வொரு மழைக்கும் தையல் மெஷினைக் கட்டில்மேல் தூக்கிவைத்து இடுப்பொடிந்து போனவள். சேதி கேட்டதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த வாரமே கிடங்குத் தெரு மூட்டை தூக்குபவர் ஒருவர் வந்தார். நிலைப்படியில் குனிந்து நுழைகிற உயரம்.

"எங்க தெருவ ஏன் விட்டீங்க?"

"முழங்கால்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார் அக்கா.

"ஆமா. என் முழங்கால்."

அக்கா எட்டிப் பார்த்தார். வந்தவருடைய முழங்கால் மேசையின் கீழ் இழுப்பறையைத் தாண்டி நின்றது. அக்காவுக்கோ அது தொடை. முகம் வெளுத்துவிட்டது.

கிடங்குத் தெருவுக்கு அவர் எப்போதும் ஞாயிற்றுக்கிழமைதான் போவார், அன்றுதான் ஆட்கள் இருப்பார்கள். பதில் சொன்னதெல்லாம் இந்த நெட்டையர்கள். தங்கை தெருவுக்கு வேலை நாளில் போவார். பதில் சொன்னதெல்லாம் வீட்டிலிருந்த பெண்கள், அவர்கள் முழங்காலோ தாழ்வு. எனக்கும்தான் இத்தனை வருஷம் உறைக்கவில்லை, தட்டச்சு செய்ததோடு சரி.

"விட்டுடுங்கக்கா, யாருக்குத் தெரியப்போவுது?" என்றேன். சொன்னதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சே."

தங்கையிடமே அளவு நாடாவை இரவல் வாங்கிக்கொண்டு இரண்டு தெருவிலும் சுவர்க்கறையை அளந்தார். தையல்காரர் தெரு நாற்பத்தாறு சென்டிமீட்டர். கிடங்குத் தெரு ஐம்பத்தைந்து. பொறியாளரிடம் போய், "பதினோரு வருஷமா நான்தான் தப்பா எழுதியிருக்கேன்" என்று நின்றார். வடிகால் கிடங்குத் தெருவுக்குப் போனது.

"கூடப் பொறந்தவளுக்கே குழி பறிச்சுட்டியே" என்றாள் தங்கை. அதோடு பேச்சு நின்றுபோயிற்று. அக்கா மதியச் சாப்பாட்டைப் பாதியில் மூடிவைப்பதை நான் ஐந்து மாதம் பார்த்தேன்.

மறுபடி மழை வந்தது. கிடங்குத் தெருவில் கணுக்கால்கூட நனையவில்லை. தையல்காரர் தெருவில் வழக்கம்போல. நானும் அக்காவோடு போனேன். படிவத்தில் இப்போது முழங்கால் கிடையாது, சென்டிமீட்டர்தான்.

தங்கை வீட்டு வாசலில் அக்கா தயங்கி நின்றார். உள்ளே மெஷின் கட்டில்மேல் இருந்தது. தங்கை எங்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. தன் நாடாவை எடுத்தாள், சேற்றில் குந்தி ஒரு முனையைத் தரையில் அழுத்தினாள், மறுமுனையைக் கறைவரை இழுத்தாள்.

"நாப்பத்தொம்போது" என்றாள். "சரியா எழுது."

ஐந்து மாதத்தில் அவள் அக்காவிடம் பேசிய முதல் வார்த்தை அது. அக்கா அவள் பக்கத்தில் குந்தி நாடாவின் கீழ்முனையைப் பிடித்துக்கொண்டார். படிவத்தை என்னிடம் நீட்டினார், நான் எழுதினேன்.